பனையும் காலமும்: தீவகத்துக் கள்ளின் சமூகவியல் பற்றிய ஒரு குறிப்பு

மேனாட்டு மதுவரலாறு பற்றிய நூல்களைப் புரட்டும் எவரும் பரம்பரை வைன் மனைகள் பற்றிய செய்திகளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். இத்தாலியின் புளோரன்சு நகரத்து அந்தினோரி குடும்பத்தவர் ஒருவர் 1385ஆம் ஆண்டில் அந்நகர வைன் வணிகர் குழுவிற் சேர்ந்தார். அவர் வழிவந்தோர் இன்றுவரை திராட்சைத் தோட்டங்களையும் நிலவறைகளையும் தம் பெயரிலேயே நடத்தி வருகின்றனர். பிரான்சின் போர்தோப் பகுதியில் 1855ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியையொட்டித் தோட்டங்கள் தரவரிசைப்படுத்தப்பட்டன; அவ்வரிசை சிறு மாற்றங்களுடன் இன்றும் விலையைத் தீர்மானிக்கின்றது. நிலம், மரபாகக் கைவந்த திறன், பண்டகசாலை, விற்பனை, பெயர் ஆகிய ஐந்தும் ஒரு குடும்பத்தின் கையில் வந்து சேர்ந்திருப்பதையே நாம் வைன் மனை என்கிறோம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலும் மதுவை ஆக்கும் திறனைத் தந்தையிடமிருந்து மகன் பெற்றுவந்த குடும்பங்கள் உள்ளன. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையை அடுத்த கிராமங்களிலும் பனையேறுவோரின் தலைமுறைக் கணக்கு எந்த ஐரோப்பியக் குடும்பத்தின் கணக்குக்கும் இளைத்ததாக இருக்க நியாயமில்லை. ஆயின் இங்கு மனை எதுவும் எழவில்லை. ஒரு பெயர் எஞ்சவில்லை. ஏன் எழவில்லை என்ற வினாவே இக்கட்டுரையின் பொருள். ‘கள் தாழ்ந்த பானம், வைன் உயர்ந்த பானம்’ என்று கூறி இவ்வினாவைத் தட்டிக்கழிப்போர் உளர். அவர்கள் விளைவையே காரணமாகக் காட்டுகின்றனர்.

ஒப்பீடு வலிந்து கொண்டதன்று. ஒல்லாந்தர் இத்தீவுகளைக் கைப்பற்றியபோது தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க் எனப்பட்டன. நெடுந்தீவுக்கிட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டுமே வழக்கில் நிலைத்தது. மிடில்பேர்க் நகரம் பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வைன் வந்திறங்கும் தலையாய துறையாக விளங்கிய ஒன்று. வைன் வணிகத்தாற் செழித்த ஊரின் பெயரைப் பனையும் உவர்நீரும் கொண்ட ஒரு தீவின் மீது எழுதி வைத்தவர்களுக்கு அந்தப் பனையிலிருந்தும் ஒரு மது இறங்குகின்றது என்பது தெரியாதிருக்க முடியாது.

இவ்விடத்து மார்க்ஸ் எழுதிய இரண்டு பகுதிகளை நினைவுகூர்தல் பயன்தரும். முதலாவது, 1843ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ரைன் செய்தித்தாள்’ என்ற ஏட்டில் அவர் மோசல் ஆற்றங்கரைத் திராட்சைப் பயிர்ச்செய்கையாளரின் துயர் பற்றி எழுதிய கட்டுரைகள். அவருடைய குடும்பத்துக்கும் அப்பகுதியிற் சிறு திராட்சைத் தோட்டம் இருந்தது. விறகு திருட்டுச் சட்டமும் மோசல் உழவரின் நிலையுமே தம்மை வெறும் அரசியலிலிருந்து பொருளாதார உறவுகளை நோக்கித் திருப்பின என்று மார்க்ஸ் அடிக்கடி கூறியதாக எங்கெல்ஸ் 1895இல் ஒரு கடிதத்திற் குறிப்பிட்டுள்ளார். மதுவின் வழியாகவே அரசியற் பொருளாதாரத்துக்கு வந்தார் என்று சொல்லின் அது மிகை, எனினும் பொய்யன்று.

இரண்டாவது, ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் உற்பத்திக் காலத்துக்கும் உழைப்புக் காலத்துக்கும் இடையே அவர் காட்டும் வேறுபாடு. திராட்சையைப் பிழிந்த பின்னர் மனித உழைப்பு ஓய்ந்துவிடுகின்றது. சாறு நொதித்து முதிரும்வரை உற்பத்தி மட்டும் தொடர்கின்றது. இவ்விடைவெளியில் முதல் முடங்கிக் கிடக்கின்றது. முடங்கிக் கிடக்கும் முதலைத் தாங்கக்கூடியவன் யாரோ அவனே பண்டத்தின் அதிபதியாகின்றான். சிறு உழவன் அறுவடையானவுடன் பழத்தை விற்றாக வேண்டும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பீப்பாயை நிலவறையில் ஐந்தாண்டு, பத்தாண்டு கிடத்தி வைக்க வல்லவனுக்கு அந்த ஆண்டுகளே விலையாகின்றன. பரம்பரைப் பெருமையும் முத்திரைத் தாளிற் காணும் குடும்பச் சின்னமும் காத்திருக்க முடிந்ததன் அடையாளங்களே. காத்திருக்கும் ஆற்றலே வைன் மனையின் உண்மையான மூலதனம் என்று கூறலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு தீவகத்துப் பனையை நோக்குவோம்.

தீவகம் முருகைக்கல்லின் மீது மெல்லிய மண் படிந்த நிலம். நெடுந்தீவில் வேலிகளே முருகைக் கற்களை அடுக்கி எழுப்பியவை. ஆறில்லை; மாரி மழை ஒன்றே நீர். கிணறுகள் பல உவர்த்தவை. ஒரு போக நெல்லுக்கு அப்பால் இந்நிலம் தாராளமாகத் தருவது பனையை. கிழங்கும் ஒடியலும், பழமும் பினாட்டும், ஓலையும் நாரும், வளையும் சலாகையும் என்று அது தரும் பொருள்களின் பட்டியல் நீளும். 1850இல் வில்லியம் பேர்குசன் இலங்கைப் பனை பற்றித் தனி நூலே எழுதினார். பயன்களைப் பட்டியலிடும் நூல்களில் ஒரு குறை உண்டு. மரம் தானாகவே எல்லாவற்றையும் தருவது போல அவை எழுதப்பட்டுள்ளன. கற்பகதரு என்ற சொல்லிலேயே இம்மயக்கம் பொதிந்துள்ளது. கற்பகதருவின் கீழ் நின்று கேட்டாற் போதும். பனையில் ஏற வேண்டும்.

ஏறுதல் என்பது என்ன என்பதைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். எம்மிற் படித்தவர் பலர் கள்ளின் சுவையை அறிந்த அளவுக்கு அதன் உற்பத்தி முறையை அறிந்திலர். மாரி ஓய்ந்த பின்னர்ப் பனையிற் பாளை வெளிவருகின்றது. ஆண்பனை, பெண்பனை இரண்டிலுமே கள் இறக்கப்படும். தொழிலாளி கால்களில் தளைநாரை மாட்டி, இடுப்பிற் கத்தியும் முட்டியும் தொங்க, மரத்தை மார்போடணைத்து ஏறுகின்றார். பாளையைக் கட்டி, தட்டியும் நசித்தும் சில நாள் பதப்படுத்துகின்றார். இப்பதப்படுத்தலிற் கை பிசகினாற் பாளை பட்டுப்போகும்; அந்தப் பருவத்துக்கு அப்பாளையிற் சொட்டு விழாது. பின்னர் நுனியைச் சீவி முட்டி கட்டுகின்றார். சீவிய வாய் காய்ந்துவிடாதிருக்க ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் மீண்டும் ஏறி மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தாக வேண்டும். தடித்துச் சீவினாற் பாளை விரைவில் முடிந்துவிடும். மெலிந்து சீவினால் ஊற்றுத் திறவாது. கத்தியின் இந்த அளவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மரமொன்றின் உயரத்தை அறுபது அடி என்றும், ஒருவர் பத்து மரங்களை நாளுக்கு இரு வேளை ஏறுகின்றார் என்றும் கொண்டால், அவர் ஒரு நாளில் ஏறுவது 1200 அடி. ஏழு நாளில் 8400 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதலாகலையின் உயரம் 8281 அடி. கிழமைக்கொரு முறை அம்மலையைக் கயிறின்றி ஏறி இறங்கும் ஒருவரை நாம் வீரர் என்று புகழ்ந்து பத்திரிகையிற் படம் போடுவோம். பனையேறுபவருக்குப் பருவம் முடியும்வரை ஓய்வு நாள் கிடையாது. ஒரு வேளை தவறினாலும் பாளை பொறுக்காது.

இனி, இறங்கிய சாற்றின் இயல்பு. புதிய பனஞ்சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 14 வரையிலான பங்கு வெல்லம் உண்டு. முட்டியில் விழும்போதே காற்றிலும் கலத்திலும் உள்ள மதுவங்கள் அதனை நொதிக்கச் செய்கின்றன. சில மணிநேரத்தில் அது கள். நூற்றுக்கு ஐந்தளவில் மதுசாரம் சேர்ந்துவிடும். அடுத்த நாட் புளிப்பு மேலோங்கும். அதன் பின்னர் அது காடி. திராட்சைச் சாற்றுக்கு முதிர்ச்சியைத் தரும் காலம் பனஞ்சாற்றுக்கு அழிவைத் தருகின்றது. காலையில் இறக்கியதை அன்றே விற்றாக வேண்டிய ஒருவர் விலைக்காகக் காத்திருக்க முடியாது. வாங்குபவன் காத்திருக்கலாம், விற்பவர் காத்திருக்க இயலாது. உற்பத்திக் காலம் முழுவதும் உழைப்புக் காலமாகவே இருந்து, உழைப்பு முடிந்த கணத்தில் பண்டம் சாகத் தொடங்கும் ஒரு தொழிலில் முதல் குவிவதற்கு இடமில்லை.

இதனைக் கள்ளின் இயற்கையான விதி என்று கூறி நாம் நின்றுவிடலாகாது. மக்கள் இவ்விதிக்கு அடங்கிக் கிடக்கவில்லை. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்படுகின்றது. இனிய கருப்பநீர் கிடைக்கின்றது. அதனைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கி ஓலைக் குட்டானில் வார்த்தால் மாதக்கணக்கில் இருக்கும். இது காலத்தை வெல்லும் ஒரு தொழில்நுட்பமே. இத்தொழில்நுட்பம் பெண்களின் கையில் இருந்தது. கணவன் ஏற, மனைவி அடுப்பெரிக்க, பிள்ளைகள் விறகும் காய்ந்த மட்டையும் பொறுக்க, குடும்பம் முழுவதுமே ஒரு தொழிற்சாலையாக இயங்கிற்று. எனவே தீவகத்திற் குடும்பம் இல்லாமையால் மனை எழவில்லை என்று கூறமுடியாது. குடும்பம் இருந்தது, திறன் இருந்தது, காலத்தைத் தடுத்து நிறுத்தும் வழியும் ஓரளவு தெரிந்திருந்தது. இல்லாதது மரம்.

பனையிலும் ஒரு காத்திருத்தல் உண்டு என்பதை நாம் இங்கு மனங்கொள்ள வேண்டும். திராட்சைக்கொடி நட்ட மூன்று நான்கு ஆண்டுகளிற் பழம் தரும். பனை பாளைவிட ஒரு தலைமுறையின் பாதி கழிந்துவிடும். வைனில் நிலவறைக்குள் நிகழும் காத்திருத்தல் பனையில் மரத்துக்குள்ளேயே நிகழ்ந்து முடிகின்றது. அந்த ஆண்டுகளை உடைமையாக வைத்திருந்தவன் காணிக்காரன். யாழ்ப்பாணத்துத் தேசவழமை நிலத்தையும் மரத்தையும் வெவ்வேறாக உடைமை கொள்ள இடமளித்தது. நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரங்கள் பலருக்கும் பங்குபட்டு உறுதிகளிற் பதிவாவது இங்கு வழமை. 1706-07இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரியால் அவ்வழமைகள் தொகுக்கப்பட்டபோது, மரங்கள் பற்றிய விதிகள் இடம்பெற்ற அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்போர் அங்கு அடிமைகளாகப் பேசப்படுகின்றனர். இவர்களுட் பின்னைய இரு பிரிவினரே மரபாகப் பனையேறிக் கள் இறக்கியோர். ஏறப்படும் மரமும் ஏறும் மனிதரும் ஒரே சட்டத் தொகுப்பில் ஒரே வகை உடைமையாக எண்ணப்பட்டனர் என்பதைவிடத் தெளிவான விளக்கம் எம் வினாவுக்கு வேண்டியதில்லை. இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒழிந்தபின் மரம் காணிக்காரனிடமே தங்கிற்று. மனிதர் மட்டும் விடுவிக்கப்பட்டனர்; அதாவது, மரமின்றி விடுவிக்கப்பட்டனர்.

உடைமையும் உழைப்பும் இவ்வாறு பிரிந்து நின்ற நிலையில், விற்பனை மூன்றாவது கைக்குப் போயிற்று. பிரித்தானிய ஆட்சியில் மது விற்கும் உரிமை ஏலத்திற் குத்தகைக்கு விடப்பட்டது. இக்குத்தகையே தென்னிலங்கையின் முதலாளி வர்க்கத்தின் பிறப்பிடங்களுள் தலையாயது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளிவந்த தமது ஆய்வில் விரிவாக நிறுவியுள்ளார். சாராயக் குத்தகையில் திரண்ட பணமே கோப்பித் தோட்டமாகவும் தென்னந்தோட்டமாகவும் கொழும்பு மாளிகையாகவும் மாறிற்று. இங்கு எம் அளவுகோல் மீண்டும் பொருந்துவதைக் காணலாம். தென்னங்கள் காத்திராது, அதனை வடித்தெடுத்த சாராயமோ மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும். எனவே இலங்கையில் வைன் மனைக்கு நிகரான குடும்ப நிறுவனங்கள் எழுந்த இடம் தென்னிலங்கையின் வடிசாலை. 1924இல் தொடங்கி ஒரு குடும்பத்தின் கையில் வளர்ந்த ரொக்லண்ட் வடிசாலை அதற்கோர் எடுத்துக்காட்டு. கள்ளிலிருந்து எழாத மனை, கள்ளைக் காய்ச்சிய உலையிலிருந்து எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டமும் அக்காலத்து மதுவொழிப்பு இயக்கமும் அடுத்தடுத்து வந்தன. ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை ஏற்பட்டது. மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி, அம்மரத்தடியிலேயே விற்கும் மரவரி முறையும் வழங்கிற்று. ஒவ்வோர் ஏற்பாட்டிலும் காணிக்காரனுக்கு மரவாடகை, அரசுக்கு வரி, குத்தகைக்காரன் இருந்த காலத்தில் அவனுக்கு இலாபம் என்று பங்குகள் பிரிந்தபின் எஞ்சியதே ஏறியவரின் கூலி. ஏறியவரே விற்பவராகவும் இருந்த மரவரி முறையில் ஒரு சிறு சுதந்திரம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்தச் சுதந்திரம் காலை வெயில் ஏறுமுன் விற்று முடிக்க வேண்டிய சுதந்திரம்.

இலக்கிய மாணவன் என்ற முறையில் இவ்விடத்து ஓர் ஐயத்தை எழுப்ப வேண்டியுள்ளது. தமிழ்ச் செய்யுள் மரபு மதுவை வெறுத்த மரபன்று. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டொன்று (56) யவனர் கலத்திற் கொணர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்துமாறு அவனை வாழ்த்துகின்றது. இறக்குமதி வைன் அரண்மனைக்குரிய பொருள் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. மறுபுறம் பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அரிசியைக் களியாக்கி, நொதிக்க வைத்து, வடிக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கின்றது. ஆக்கும் கைகளைப் புலவர் அருவருப்பின்றி நோக்குகின்றார். திருக்குறளில் கள்ளுண்ணாமை தனியதிகாரம் (93). பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் பாலபாடம் அந்த அறத்தைப் பள்ளிப்பிள்ளைகளின் வாயிற் பதித்தது. வள்ளுவர் கண்டித்தது உண்பவனை. யாழ்ப்பாணத்துச் சமூகமோ உண்பவனைக் கோயிலின் உள்ளே விட்டு, இறக்குபவரை வெளியே நிறுத்திற்று. ஒழுக்கநூலின் தண்டனை எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றப்பட்டது? கருத்துலகம் தானாக இதனைச் செய்திராது. மரம் யாருக்குச் சொந்தம் என்பதே விடை.

பிளாவைப் பற்றி ஒரு சொல். தேநீர்க் கடையிற் சிரட்டையும் தனிக்குவளையும் வைத்துத் தீண்டாமையைக் காத்த சமூகத்தில், உயர்சாதியினர் எனப்பட்டோர் சீவல் தொழிலாளியின் கையிலிருந்து கள்ளை வாங்கி அருந்தத் தயங்கவில்லை. பனையோலையைக் கோலிக் கட்டும் பிளா ஒருவர் குடித்தவுடன் எறியப்படுவது. கழுவி அடுக்கும் கலமன்று. ஆதலின் அதில் தீட்டு ஒட்டாது என்ற சமாதானத்துக்கு இடமிருந்தது எனக் கருதலாம். சுவையிற் பிளாவுக்கு நிகரில்லை என்று முதியோர் கூறுவர்; அது உண்மையே. எனினும் கிண்ணத்தின் வரலாற்றை எழுதப்புகுவோர் சுவையை மட்டும் எழுதினாற் போதாது.

எமது நவீன இலக்கியம் இம்முரணை விடாது தொட்டுள்ளது. என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையில், தேடிவந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழைக்க மனமில்லாத சீர்திருத்தப் பெரியவர் வெளியே நிலவில் அமர்ந்து பேசலாம் என்கிறார். ஈழத்துச் சிறுகதையில் நிலவு இவ்வளவு கொடுமையாக வேறெங்கும் காய்ந்ததில்லை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) முதலான நாவல்கள் இம்மக்களின் வாழ்வை வெளியிலிருந்து இரங்கும் நோக்கிலன்றி உள்ளிருந்து எழுதின. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தாலும் அசையாத தேநீர்க் கடைகளும் கோயில் வாயில்களும், 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின் பின்னரே திறக்கத் தொடங்கின என்பதையும் இந்நாவல்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வைன் மனை முற்றாக இல்லாதிருக்கவில்லை. திருப்பலிக்குத் திராட்சை மதுவே வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. பனங்கள் எவ்வளவு தூய்மையாயினும் பீடத்துக்கு ஏறாது. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கருள் எளியவர் தம் பனையைப் புறத்தே விட்டு, கடல்கடந்த கொடியின் சாற்றுக்கு முன்னாலேயே முழந்தாளிட்டனர். 1928இற் தோமஸ் அடிகளாரால் நிறுவப்பட்ட தோலகட்டிச் செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தினர் தயாரித்த திராட்சை வைனும் நெல்லிரசமும் குடாநாடெங்கும் பெயர் பெற்றன. பிற்காலத்தில் வலிகாமத்துச் செம்மண்ணிற் திராட்சைப் பந்தல்கள் பரவியபோது மூலப்பொருளும் உள்ளூரிலேயே கிட்டிற்று. மணவாழ்வைத் துறந்தோர் நடத்திய இம்மனையே எம் மண்ணில் ஐரோப்பியக் குடும்ப மனைக்கு மிக நெருங்கியது என்பது வரலாற்றின் குறும்பு. நிலமும் உழைப்பும் பண்டகசாலையும் பெயரும் அங்கு ஒரு கையில் இருந்தன. துறவிகளுக்குக் காத்திருக்கவும் முடிந்தது. அவர்களின் அன்றாட உணவு அன்றைய விற்பனையைச் சார்ந்திருக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர்களைக் கொண்டு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டமை இவ்வரலாற்றில் உண்மையான திருப்பம். விற்பனை முதன்முறையாக ஏறுவோரின் அமைப்பிடம் வந்தது. குத்தகைக்காரன் மறைந்தான். 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை எழுந்தது. பனங்கள் சாராயமாகிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. தென்னிலங்கையிற் குடும்பங்கள் செய்ததை இங்கு கூட்டுறவு செய்ய முற்பட்டது என்று இதனை விளக்கலாம். கூட்டுறவுகளில் ஊழலும் அரசியற் தலையீடும் இருந்தன என்று கூறி இம்முயற்சியைச் சிறுமைப்படுத்துவோரை நாம் அறிவோம். குறைகள் இருந்தன. ஆனால் மரம் காணிக்காரனிடமே இருந்தது என்ற பெரிய குறையை அவர்கள் பேசுவதில்லை.

பின்னர் போர் வந்தது. 1990-91இல் தீவகம் இராணுவத்தின் கையில் வீழ்ந்தபோது பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். அரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. காணிக்காரர் பலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயினர். இன்று புங்குடுதீவிலும் வேலணையிலும் உரியவர் கண்காணாத வளவுகளிற் பனைகள் வடலி சூழ நிற்கின்றன. மரவாடகை கேட்க ஆளில்லாத இடத்தில் ஏறுவதற்கும் ஆளில்லை. ஏறுவோரின் பிள்ளைகள் படித்தனர், பிற தொழில் தேடினர். அதற்காக வருந்துவோர் பெரும்பாலும் ஏறியவர்கள் அல்லர். விழுந்து இடுப்பொடிந்தவரின் மகன் ஏற மறுப்பதைப் ‘பாரம்பரியத் தொழிலின் அழிவு’ என்று புலம்புவது, பாரம்பரியம் யாருக்கு இனித்தது என்பதை மறப்பதாகும்.

தமிழ்நாட்டு நிலைமை இதற்கு ஓர் உரைகல். அங்கு 1987 ஜனவரி முதல் கள் இறக்குவது தடைசெய்யப்பட்டது. ஆயின் ஆலைகளில் வடித்த மதுவை அரசின் நிறுவனமே 2003இலிருந்து சில்லறையாக விற்று வருகின்றது. இதில் மதுவொழிப்பு எதுவும் இல்லை. காத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் முடிந்த மது, காத்திருக்க முடியாத மதுவைச் சந்தையிலிருந்து வெளியேற்றிற்று, அவ்வளவே.

இன்று கள்ளும் காத்திருக்கத் தொடங்கிவிட்டது. அளவான வெப்பத்திற் சூடாக்கிப் போத்தலில் அடைத்தாற் பல மாதங்கள் கெடாதிருக்கும். புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களின் தமிழ்க் கடைகளுக்கும் போத்தற் கள் போயிற்று. இத்தொழில்நுட்பத்தாற் கள்ளின் உற்பத்திக் காலம் முதன்முறையாக உழைப்புக் காலத்திலிருந்து பிரிகின்றது. முதல் முடங்கவும் குவியவும் இடம் பிறக்கின்றது. சூடாக்கும் கலத்துக்கும் போத்தலுக்கும் பண்டகசாலைக்கும் வேண்டிய முதலை யார் இடுவது என்பது சிறிய வினாவன்று. சங்கங்கள் இட்டால் ஒரு வகை மனை எழும். தனியார் இட்டால் வேறொரு வகை. திக்கம் வடிசாலையைச் சங்கங்கள் நடத்துவதா, பிறரிடம் ஒப்படைப்பதா என்பது பற்றி அண்மை ஆண்டுகளில் எழுந்த பிணக்கை இந்த நோக்கிலேயே படிக்க வேண்டும். நெடுந்தீவில் இன்னமும் ஏறுகின்ற சிலர் காலையில் இறக்கியதை அன்றே விற்கின்றனர். குறிகட்டுவான் படகில் ஏற்றி மறுகரை சேர்ப்பதற்குள் அது புளித்துவிடும்.